பிக்கப்பைக் கொடுத்து மோரிஸ் மைனர் வாங்கலாமா?

வாசலில் ஒரு ஃபோர்டு ரேஞ்சர் ராப்டர் நிற்கிறது. வங்கிக் கடன் இன்னும் பாதி பாக்கி. பக்கத்து ஊர்ப் பட்டறையில் ஒரு மோரிஸ் மைனர் துணி போர்த்திக் கிடக்கிறது. அதன் உரிமையாளர், "பிக்கப்பைக் கொடுங்கள், காரோடு கையில் ஒரு தொகையும் தருகிறேன்" என்கிறார். ஜாசினிலோ அலோர் காஜாவிலோ தோட்டத்தில் பிறந்து இன்று ஐம்பது வயதைத் தொடும் ஒருவரிடம் இந்தப் பேச்சு வந்தால் அவர் என்ன செய்வார்? மனைவி ஒரேயடியாக வேண்டாம் என்பார். மகன் சிரிப்பான். பெரியவர் மட்டும் சாய்வு நாற்காலியை விட்டு எழுந்து, "எந்த வருஷத்துக் காடி?" என்று கேட்பார்.

அரங்கில் இதை வைத்தால் அன்பு நேயர்கள் உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஆனால் இந்த இரண்டு வண்டிகளுக்கும் மலாக்கா மண்ணில் ஒரு கதை உண்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் தீர்ப்புச் சொல்வது அவசரம்.

டயருக்கு வந்த பால்

கதை காரில் தொடங்கவில்லை, மரத்தில் தொடங்குகிறது. 1896இல் டான் சாய் யான் என்ற மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். அதுவே மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் என்று வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. அடுத்து புக்கிட் அசகானில் ஆயிரக்கணக்கான ஏக்கர் எழுந்தது. 1908இல் அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு டி மாடல் காரை வெளியிட்டார். 1927க்குள் அந்த ஒரு மாடல் மட்டும் ஒன்றரைக் கோடி விற்றது. ஒவ்வொன்றுக்கும் நான்கு டயர் வேண்டும், டயருக்கு ரப்பர் வேண்டும், ரப்பருக்குப் பால் வெட்டும் கை வேண்டும். கங்காணிகள் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து ஆட்களைத் திரட்டிக் கப்பலேற்றியதன் பின்னால் உலகத்தின் கார் ஆசையும் இருந்தது.

அந்தக் கைகளுக்குக் கார் கிடைத்ததா? விடியுமுன் பால்மரக் காட்டுக்கு நடந்து போனவர்களுக்குச் சைக்கிளே பெரிய சொத்து. தோட்டத்துக்குள் கார் என்றால் துரையின் கார்தான். அது வரும் சத்தம் கேட்டால் தண்டல் விறைத்து நிற்பார், லயத்துப் பிள்ளைகள் ஓரம் ஒதுங்குவார்கள்.

தண்டவாளம் போன ஊர்

மலாக்காவில் சாலைக்கு ஒரு தனி அழுத்தம் உண்டு. அதன் காரணம் பலருக்கு மறந்துவிட்டது. 1905இல் தம்பினிலிருந்து மலாக்கா நகருக்கு ரயில் கிளைப்பாதை போடப்பட்டது. ஜப்பானியர் ஆட்சியில் அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்துச் சயாம்-பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுபோனார்கள். தண்டவாளம் மட்டுமா போனது? மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களும் அதே 'மரண ரயில்' வேலைக்கு ஏற்றிச் செல்லப்பட்டார்கள். காலராவிலும் பசியிலும் மாண்டவர்களுக்குச் சரியான கணக்கே இல்லை. போர் முடிந்தபின் அந்தக் கிளைப்பாதை திரும்பப் போடப்படவில்லை. புலாவ் செபாங், தெபோங், பத்தாங் மலாக்கா எல்லாம் பெரிய ரயில்பாதையில் இருக்க, மாநிலத் தலைநகரத்துக்கு மட்டும் இன்றுவரை ரயில் இல்லை. இந்த ஊரில் போக்குவரத்து என்றால் பஸ், டாக்சி, சொந்த வண்டி. வண்டி வைத்திருப்பவனுக்கு இங்கே மரியாதை கூடியதற்கு இதுவும் ஒரு காரணம்.

1948இன் இரட்டைப் பிறவிகள்

இனி மோரிஸ் மைனருக்கு வருவோம். 1948 அக்டோபரில் லண்டன் கார் கண்காட்சியில் அது முதலில் காட்டப்பட்டது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ், பின்னாளில் மினி காரையும் உருவாக்கியவர். மாதிரி வண்டி தயாரானபின் அகலம் போதவில்லை என்று தோன்றியதாம். உடனே அதை நடுவில் வெட்டி, இரண்டு பாதியையும் தள்ளி வைத்துப் பார்த்து, நான்கு அங்குலம் சேர்த்தார். போனட்டின் நடுவே ஓடும் மேடான பட்டை அந்த வெட்டின் அடையாளம். 1961இல் பத்து லட்சத்தைத் தொட்ட முதல் பிரிட்டிஷ் கார் என்று அதைக் கொண்டாடினார்கள். 1971இல் நிற்கும்போது கணக்கு 16 லட்சம்.

அதே 1948இல், ஏப்ரல் மாதம், ஆம்ஸ்டர்டாமில் லேண்ட் ரோவர் அறிமுகமானது. இன்று தோட்டத்துச் செம்மண்ணில் புரளும் நான்கு சக்கர இழுவைப் பிக்கப்புக்கு அதுதான் பாட்டன் முறை. அந்த ஆண்டு ஜூனில் மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. காட்டோரத் தோட்டங்களில் துரைமார்கள் இரும்புத் தகடு அடித்த வண்டிகளில் போனார்கள். தொழிலாளர்கள் முள்வேலிக்குள் குடியமர்த்தப்பட்டார்கள், அரிசியைக்கூடச் சோதித்துத்தான் வெளியே விட்டார்கள்.

ஆக, பிக்கப்பா காரா என்ற தேர்வு புதிதல்ல. அந்நாளில் துரைக்கு அது இருந்தது: காட்டுக்கு லேண்ட் ரோவர், நகரத்துக் கிளப்புக்குக் கார். பெரிய கிராணியும் டிரெஸ்ஸரும் பல ஆண்டு சேமித்தால் ஒரு பழைய மைனரோ ஆஸ்டினோ வாங்கலாம். டாக்சிக்காரர்கள் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டும் மெர்சிடிஸ் டீசலும் ஓட்டினார்கள். பால் வெட்டுகிறவருக்கு மட்டும் தேர்வே இல்லை.

1950களில் ஐரோப்பியர் தோட்டங்களை விற்கத் தொடங்க, வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். வேலையும் வீடும் ஒரே நாளில் போனது. துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, 100 வெள்ளிப் பங்கு சேர்த்துத் தோட்டத்தையே வாங்கலாம் என்று தொழிலாளர்களை அழைத்தது இந்தப் பின்னணியில்தான். 1967இல் புக்கிட் அசகான் தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் வழக்கைச் சொல்லக் கோலாலம்பூர் நோக்கி நடந்தே புறப்பட்டார்கள். அதே ஆண்டில்தான் மலேசியாவிலேயே கார் பொருத்தும் முதல் ஆலை வேலையைத் தொடங்கியது. ஒரே நாட்டில், ஒரே ஆண்டில்.

முதல் புதுக் கார்

தோட்டத்துப் பிள்ளைகளின் கைக்கு இயந்திர வண்டி வந்தது பெரும்பாலும் ஹோண்டா கப் மோட்டார் சைக்கிள் வழியாக. பால் டின்னும், பள்ளிப் பிள்ளையும், மார்க்கெட் கூடையும் அதில்தான் போயின. கார் என்பது 1985 ஜூலை 9ஆம் தேதி புரோட்டோன் சாகா அறிமுகமான பிறகுதான் பலருக்கு எட்டியது. மிட்சுபிஷியின் 1.3 லிட்டர் இன்ஜின், உள்நாட்டுப் பெயர், தவணைக்குத் தலையசைக்கும் வங்கி. கல்யாணக் காராக, கோயில் காராக, தைப்பூசத்துக்குப் பத்துமலை போகும் காராக ஒரே சாகா மூன்று தலைமுறையைச் சுமந்த குடும்பங்கள் உண்டு. அந்த முதல் சாகாவுக்கு 2025இல் நாற்பது வயது நிறைந்தது. கிளாசிக் என்ற சொல்லுக்கு அதுவும் தகுதி பெற்றுவிட்டது என்பதைச் சேகரிப்பவர்களில் பலர் இன்னும் ஒப்புக்கொள்வதில்லை. சீமைக் காருக்குத்தான் மதிப்பு என்ற பழைய பழக்கம்!

பிக்கப் என்ன சொல்கிறது?

செம்பனை ரப்பரை விரட்டியபின் பிக்கப் தோட்டத்தின் உழைப்பாளி ஆனது. குலையேற்றும் குத்தகைக்காரர், தண்ணீர்த் தொட்டி சுமக்கும் கோயில் தொண்டர், மாசி மகத்தன்று செங் சன்னாசிமலைக்கு அன்னதானப் பாத்திரம் கொண்டுபோகிறவர், எல்லோருக்கும் அது வேண்டும். சரக்கு வண்டி என்ற கணக்கில் கார்களுக்குள்ள கலால் வரியும் அதற்கில்லை. இதனால்தான் குத்தகைக்காரருக்காகச் செய்த வண்டி மெல்ல நகரத்து வாசலுக்கும் வந்தது.

2018இல் வந்த ராப்டரைப் பாருங்கள். 2 லிட்டர் இரட்டை டர்போ டீசல் இன்ஜின், 213 குதிரைசக்தி, இரண்டு டன்னுக்கு மேல் எடை. 948 சிசி மைனரின் சக்தி 37 குதிரை, எடை முக்கால் டன்னுக்குச் சற்று மேல். ராப்டர் பாலைவனத்தில் பறப்பதற்காகச் செய்யப்பட்ட வண்டி. ஆயர் குரோவில் டோல் கட்டி அலுவலகம் போவதற்கு அதில் பாதிகூடத் தேவையில்லை என்பதை அதை ஓட்டுகிறவரே அறிவார்.

2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளியானது. 80 லிட்டர் தொட்டியை நிரப்ப 172 வெள்ளி கொடுத்தவர் அன்று 268 வெள்ளி கொடுத்தார். தகுதியுள்ளவர்களுக்கு மாதம் 200 வெள்ளி உதவி என்று அரசு அறிவித்தது. ஆனால் புதிய ஆடம்பர டீசல் வண்டி வைத்திருப்பவருக்கு அது கிடையாது. கடன் பாக்கி ஒரு பக்கம், ஆண்டுக்கு ஆண்டு இறங்கும் சந்தை விலை மறுபக்கம். மோரிஸ் மேல் மோகம் வர இவ்வளவு போதுமே!

துருவும் கிரீசும்

மோகத்தோடு பட்டறைக்குப் போகிறவர் முதலில் குனிந்து அடிப்பக்கம் பார்க்க வேண்டும். மைனருக்குத் தனிச் சட்டம் கிடையாது, உடலே சட்டம். கதவுக்குக் கீழுள்ள பகுதியும் பின் ஸ்பிரிங் பிடிக்கும் இடமும் துருவில் போனால் வண்டியின் எலும்பே போனது போல. மலாக்காவின் கடற்காற்றும் மழையும் இரும்புக்கு நண்பர்கள் அல்ல. பளபளக்கும் புதுச் சாயத்தை நம்பி வாங்கியவர் பிறகு வெல்டிங்காரருக்குக் கொடுத்துக்கொண்டே இருப்பார்.

முன்சக்கரத்தைத் தாங்கும் திருகுமூட்டு ஒன்று உண்டு, ட்ரனியன் என்பார்கள். ஏறத்தாழ ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டும். மறந்தால் மரை தேய்ந்து, ஒரு நாள் திருப்பத்தில் சக்கரம் அப்படியே மடிந்து உட்கார்ந்துவிடும். பழைய இன்ஜின் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டது. ஈயம் வால்வு இருக்கையைத் தேயாமல் காத்தது. இன்று அந்தப் பெட்ரோல் உலகில் எங்குமே இல்லை. கடைசியாக அல்ஜீரியாவும் 2021இல் நிறுத்திவிட்டது. ஆகவே கடின வால்வு இருக்கை மாற்றியிருக்கிறார்களா என்று கேட்பது அவசியம். உதிரிபாகம் கிடைக்காது என்று மட்டும் பயப்பட வேண்டாம். இங்கிலாந்தில் ஏறக்குறைய எல்லாமே இன்றும் விற்கிறார்கள். கைதேர்ந்த மெக்கானிக் கிடைப்பதுதான் அரிது. கார்புரேட்டரைக் காதால் கேட்டுச் சரிசெய்யும் பெரியவர்கள் ஒவ்வொருவராகப் பட்டறையை மூடுகிறார்கள்.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. டிரம் பிரேக், காற்றுப்பை கிடையாது, 803 சிசி வண்டியின் உச்சவேகமே மணிக்கு நூறு கிலோமீட்டரை ஒட்டித்தான். சிம்பாங் அம்பாட்டில் நெடுஞ்சாலை ஏறினால் பின்னால் லோரி விளக்கடிக்கும். பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தினமும் ஓட்டும் வண்டியாக இதை நினைப்பது தவறு.

ஆகவே பிக்கப்தான் வீட்டுக்குச் சோறு போடுகிறது என்றால் மாற்றக்கூடாது. அதில் வாதமே இல்லை. பிக்கப் வெறும் பெருமைக்கு நிற்கிறது என்றால் விற்றுக் கடனை அடைப்பதே முதல் வேலை. நேரடிக் கைமாற்றில் வங்கியின் பாத்தியதை தீராமல் பெயர் மாறாது. மீதியில் வேலைக்கு ஒரு சின்னக் கார், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பழைய கார் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பழைய கார் மைனராகத்தான் இருக்க வேண்டுமா? துரையின் காரைப் பேரன் வாங்குவதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அப்பா தவணை கட்டி வாங்கிய சாகா எங்கோ ஒரு கம்பத்துக் கொட்டகையில் நின்றுகொண்டிருந்தால், அது விலையும் குறைவு, சொந்தக் கதையும் உள்ளது.

எதை எடுத்தாலும் பணத்தைக் கொடுக்குமுன் கிரானைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா, ஜேபிஜேயில் அந்தப் பதிவு இன்னும் உயிரோடிருக்கிறதா, உரிமை மாற்றப் பரிசோதனையில் வண்டி தேறுமா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். பழைய பதிவுப் புத்தகம் பத்திரமாக இருந்தால் அதைப் பின்னிருந்து முன்னாகப் புரட்டலாம். கைமாறிய பெயர்கள் வரிசையாக இருக்கும். முதல் பக்கத்தில் மனிதர் பெயர் இல்லாமல் ஒரு ரப்பர்க் கம்பெனியின் பெயர் இருந்தாலும் இருக்கும்.