களத்து நெல்லும் கைப்பணமும்

கல்பாக்கம் என்றதும் நம்மில் பலருக்கு அணுமின் நிலையம் மட்டுமே நினைவுக்கு வரும். அதற்குச் சற்றுத் தெற்கே, வயலூர் அருகில், பாலாறு கடலில் கலக்கிறது. அங்கிருந்து ஆற்றை எதிர்த்து மேற்கே சென்றால் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், பிறகு செய்யாற்றுப் பக்கமாக ஆரணி என ஏரிப்பாசன நெல்வயல்கள் விரிகின்றன. உழவு வருமானம் உயர்ந்தால் ஒரு குடும்பம் என்ன செய்யும் என்ற கேள்விக்கு, ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுச் சான்றுகளை வைத்துக்கொண்டு விடை தேட இந்த வட்டாரம் இடம் தருகிறது.

பாடநூல்கள் தரும் விடை எளியது. வருமானம் கூடக்கூட உணவுக்குச் செலவாகும் பங்கு குறையும் என்று ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கல் 1857இல் சொன்னார். மிச்சப்படும் பணம் துணிக்கும் வீட்டுக்கும் கல்விக்கும் செல்லும். இவ்விதி, வருமானம் குடும்பத்தின் கைக்கு வந்து சேர்கிறது என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டுவிடுகிறது. நம் ஊர்களின் வரலாற்றில் வழக்கு இருந்ததே அந்த இடத்தில்தான்.

ஆர்க்காட்டு நவாபிடமிருந்து 1763இல் செங்கல்பட்டுச் சீமையை ஜாகீராகப் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி, 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளரைக் கொண்டு ஊர் ஊராகக் கணக்கெடுத்தது. அக்கணக்குகளின் முக்கியத்துவத்தை நம் காலத்தில் எடுத்துக்காட்டியவர் காந்தியரான தரம்பால். சென்னையிலுள்ள சமாஜநீதி சமீக்ஷண கேந்திரம் அவ்வாய்வைத் தொடர்ந்தது. திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய இரண்டு ஊர்களின் பதினெட்டாம் நூற்றாண்டு ஓலைக்கணக்குகள் 2001இல் நூலாகவும் வெளிவந்தன. திருப்போரூர் கல்பாக்கத்திலிருந்து அதிகத் தொலைவில் இல்லை.

அந்தக் கணக்குகளில் நாம் காண்பது பங்கீடு. அறுவடையான நெல் உழவர் வீட்டுக்குப் போகவில்லை, களத்துக்குப் போனது. கோயில், கணக்குப்பிள்ளை, தலையாரி, தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர், வெட்டியான் என ஒவ்வொருவருக்கும் மேரையாகவும் சுதந்திரமாகவும் பங்குகள் கழிந்தன. எஞ்சியதே மேல்வாரம், குடிவாரம் என்று பிரிந்தது. ஓர் ஆண்டு விளைச்சல் கூடினால் கொல்லருக்கும் நாவிதருக்கும் உரிய பங்கும் சேர்ந்தே கூடியது. கூடுதல் நெல்லை என்ன செய்வது என்ற கேள்வியில் பெரும்பகுதி வீட்டுக்கு வருமுன்பே தீர்ந்துவிட்டது. இதை ஒரு பொற்காலமாகக் கொண்டாடுவோர் உண்டு. எவரும் விடுபடாத பங்கீடு என்பது உண்மை. எவருக்கு எவ்வளவு என்பதைப் பிறப்பு தீர்மானித்தது என்பதும் அதே அளவு உண்மை.

கம்பெனி ஆட்சி இந்தப் பங்குகளைக் குறைத்து வரியைப் பெருக்கியது. 1794 முதல் 1798 வரை ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸ், மதுராந்தகம் ஏரிக்கரையை இராமர் காத்த கதையால் இன்றும் நினைவுகூரப்படுகிறார். அவர் காலத்து ஆவணங்களின் முதன்மையான கவலையோ வருவாயும் மிராசுதாரர்களின் உரிமையும்தான். நெல் விளைந்தால் யாருக்கு ஆதாயம் என்ற கேள்வி, நிலம் யாருடையது என்ற கேள்வியாக மாறிவிட்டிருந்தது.

அக்கேள்வியின் கொடிய பக்கத்தை எழுதியவர் ஒரு நூற்றாண்டுக்குப் பின் வந்த ஆட்சியர் ட்ரெமன்ஹீர். செங்கல்பட்டுப் பறையர் மக்களின் நிலை குறித்து அவர் 1891இல் அரசுக்கு அனுப்பிய அறிக்கை, கூலியின் அளவோடு நின்றுவிடவில்லை. தரிசு நிலத்தைக் கேட்டால் முதல் உரிமை மிராசுதாரருக்கு. குடியிருக்கும் மனையும் மிராசுதாரருடையது. கூடுதல் கூலி கேட்பவரை மனையை விட்டே வெளியேற்ற முடியும். இத்தகைய நிலையில் நல்ல விளைச்சல் ஆண்டு வந்தாலும் அதில் தெரிவு செய்வதற்கு அந்தக் குடும்பத்திடம் என்ன இருந்தது? அவ்வறிக்கையின் தொடர்ச்சியாக 1892இல் பிறந்தது பஞ்சமி நில ஆணை. அந்நிலங்களில் பல பின்னர் கைமாறிப் போயின. அவற்றை மீட்கக் கோரிய போராட்டத்தில் 1994 அக்டோபரில் செங்கல்பட்டை அடுத்த காரணையில் காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர்.

எங்கல் சொன்ன நிலை, அதாவது வருமானம் வீட்டின் கைக்குப் பணமாக வந்து சேரும் நிலை, இங்கே பரவலாக உருவானது 1960களுக்குப் பிறகுதான். மின்மோட்டாரும் ஐ.ஆர்.8, ஐ.ஆர்.20 போன்ற குறுகிய கால நெல்லும் சேர்ந்தபோது, ஏரியை நம்பிய ஒருபோக நிலத்தில் சம்பாவோடு நவரையும் சொர்ணவாரியும் சாத்தியமாயின. ஆரணியைச் சுற்றிய 11 கிராமங்களை 1973-74இல் பி. எச். ஃபார்மர் தலைமையிலான ஆய்வுக்குழு ஆராய்ந்து, 1977இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே பசுமைப் புரட்சிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியை இட்டது. பத்தாண்டுகள் கழித்து, வறட்சியான 1982-83இலும் அதற்கடுத்த ஆண்டிலும் பீட்டர் ஹேசலும் சி. ராமசாமியும் அதே ஊர்களுக்குச் சென்றபோது படம் மாறியிருந்தது. சிறு விவசாயிகளும் நிலமற்றோரும்கூட முன்னேறியிருந்தனர்.

அவர்கள் கண்ட ஒரு கணக்கு நினைவில் வைக்கத்தக்கது. உழவில் கூடுதலாகப் பிறந்த ஒவ்வொரு ரூபாயும், உழவுக்கு வெளியே ஏறத்தாழ 87 காசு வருமானத்தைப் பிறப்பித்தது. அதில் ஏறக்குறைய பாதி உரக்கடை, அரிசி ஆலை, வியாபாரம் வழியே வந்தது. மறுபாதி, விவசாயக் குடும்பங்கள் தங்கள் வீட்டுச் செலவாகக் கடைவீதியில் கொடுத்த பணத்திலிருந்து வந்தது. மலேசியாவின் மூடா பாசனத் திட்டப் பகுதியிலும் இதையொத்த அளவு முன்பே கணக்கிடப்பட்டிருந்தது. முன்பு களத்தில் மேரையாகக் கொல்லருக்குப் போன பங்கு, இப்போது கடைவீதியில் விலையாகப் போயிற்று எனலாம். வேறுபாடு ஒன்றுதான்: யாருக்குக் கொடுப்பது என்பதைக் குடும்பம் தீர்மானித்தது.

அத்தீர்மானங்கள் எல்லாம் இனியவை அல்ல. கிணறு அப்படி ஒன்று. பக்கத்து வயல்காரர் ஆழப்படுத்தினால் நாமும் ஆழப்படுத்த வேண்டும். இல்லையேல் போட்ட மோட்டார் வீண். வருமானம் உயர்ந்த குடும்பங்களிலேயே கடனும் உயர்ந்தது. 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் இலவசமான மின்சாரம் செலவைக் குறைத்தது; நீர்மட்டத்தை உயர்த்தவில்லை. அடுத்த தெரிவு பிள்ளைகளின் படிப்பு. நெல் விற்ற பணத்தில் படித்த பிள்ளை நெல் விதைக்கத் திரும்புவதில்லை என்பதைத் தெரிந்தேதான் பெற்றோர் படிக்க வைத்தார்கள்.

நிலமற்றோரின் தெரிவு வேறு வழியில் வந்தது. விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு, சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தொடங்கிவைத்த ஆய்வு முதல் 2008 வரை பலமுறை ஆராயப்பட்ட ஊர். அங்கே நிலவுடைமைக் குடும்பத்தின் பிடி தளர்ந்ததற்கு விளைச்சல் பெருகியது மட்டும் காரணமன்று. வயலுக்கு வெளியே வேலை கிடைத்ததும், அதனால் வயலில் வேலை செய்ய மறுக்க முடிந்ததும் பெரும் காரணங்கள். ட்ரெமன்ஹீர் மனைப்பட்டா வழியே தேடிய விடுதலையைப் பேருந்தும் கட்டட வேலையும் ஓரளவு தந்தன.

கல்பாக்கத்துக்கே திரும்புவோம். 1971இல் அணு உலை ஆராய்ச்சி மையம், 1983இலும் 1985இலும் மின் உலைகள், பின்னர் கிழக்குக் கடற்கரைச் சாலை என்று இந்தக் கரை மாறியது. வயலின் விலை இங்கே விளைச்சலோடு தொடர்பற்றுப் போயிற்று. ஒரு மனையின் விலையை எத்தனை சொர்ணவாரி ஈட்டித் தரும்? விற்கும் குடும்பத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தன் பொருளைத் தானே தீர்மானிக்கும் உரிமை அதற்கு மிகத் தாமதமாகக் கிடைத்தது. ஆனால் விற்பதற்கு நிலம் இருப்போருக்கே அந்த உரிமையும் கிடைத்திருக்கிறது. 1891இல் அந்த ஆட்சியர் எழுதியது அதைப் பற்றித்தான்.