புழுக்கை சொல்லும் கணக்கு

‘மருந்து ஊத்தியாச்சு. ஆடு ஏன் இன்னும் தேறலை?’ - தாம்பரம் தாண்டி வண்டலூர், கூடுவாஞ்சேரிப் பக்கம் ஆடு வளர்ப்பவருக்கு இப்படியொரு சந்தேகம் வந்தால், விடை புழுக்கையில் இருக்கிறது!

ஆட்டின் இரைப்பையில் ரத்தம் குடிக்கும் புழு, ஹீமான்கஸ். பெண் புழு தினம் ஆயிரக்கணக்கில் முட்டை போடும். 1961-ல் தயாபெண்டசோல் மருந்து வந்ததும், ஒழிந்தது புழு என்று நிம்மதியானார்கள். மூன்றே வருஷம்! 1964-ல் அமெரிக்காவில் அந்த மருந்துக்கே டிமிக்கி கொடுத்தது. 1976-ல் இந்தியாவிலும்.

கண்டுபிடிப்பது எப்படி? வரவு செலவுக் கணக்குதான். புழுக்கையை உப்புக் கரைசலில் கலக்கினால் முட்டைகள் மிதக்கும். கட்டம் போட்ட கண்ணாடித் தகட்டில் ஊற்றி எண்ண வேண்டும். 1939-ல் சிட்னியில் பிறந்த முறை இது. மருந்து கொடுப்பதற்கு முன் ஒருமுறை. பத்துப் பதினான்கு நாள் கழித்து மறுமுறை. முட்டைகள் 95 சதவிகிதமாவது குறையவில்லையா? ஜெயித்தது புழு!

அதை ஜெயிக்க வைத்தது நாம்தான். வெள்ளாட்டின் உடம்பு மருந்தைச் சீக்கிரம் வெளியேற்றிவிடும். இது தெரியாமல் செம்மறியின் அளவையே பல வருஷம் அதற்கும் ஊற்றினார்கள். அரைகுறை டோஸில் பிழைத்த புழுக்களின் வாரிசுகள்தான் இன்று மந்தைகளை ஆள்கின்றன.

அடுத்த பாட்டில் வாங்க ஓடாதீர்கள். முதலில் புழுக்கையோடு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போங்கள்!