வான்வழியும் விருந்தோம்பலும்

பெங்களூரில் அலசூரை அடுத்துள்ள ஜோகுபாளையத்திலும் அதன் சுற்றுப்புறங்களிலும் தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். நகரின் விமான நிலையம் 2008 மே மாதம் தேவனஹள்ளிக்கு மாறும் வரை, இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் தொழிற்சாலையை ஒட்டியே இருந்தது. விமானத்தின் ஒலியை அன்றாடம் கேட்டவர் பலர். அதில் ஏறிச் சென்றவரோ சிலர். அச்சிலர் எவ்வாறு நடத்தப்பட்டனர், அதனால் நாட்டின் சுற்றுலாத் தொழில் அடைந்த நன்மை தீமைகள் யாவை என்பதே இங்கு நாம் ஆராயப் புகும் பொருள்.

டாட்டா நிறுவனத்தின் விமானப் போக்குவரத்து 1932 அக்டோபர் 15 ஆம் நாள் தபால் மூட்டைகளுடன் தொடங்கிற்று. ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய் வரை விமானத்தை ஓட்டி வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பல்லாரி வழியாகச் சென்னைக்குத் தபாலைக் கொண்டு சேர்த்தார். தபால் மூட்டைக்குப் பசியில்லை. தாமதத்தின் காரணத்தைக் கேட்க வாயுமில்லை. மூட்டைகளின் இடத்தில் மனிதர் வந்து அமர்ந்த நாள் முதலே, விமானம் ஓட்டும் கலையுடன் விருந்தோம்பும் கலையும் கம்பெனிகளுக்கு வேண்டியதாயிற்று.

1953 ஆம் ஆண்டுச் சட்டத்தால் எட்டு உள்நாட்டு விமானக் கம்பெனிகள் ஒன்றாக்கப்பட்டு, இந்தியன் ஏர்லைன்ஸ் கார்ப்பரேஷன் உருவாயிற்று. இலாபம் தாராத ஊர்களுக்கும் விமானம் சென்றது இதன் நற்பயன். ஆயினும், சேவையில் குறை கண்டவர் மாறிச் செல்ல வேறு வழியில்லாமற் போயிற்று. மாறிச் செல்ல இயலாதவரின் முறையீட்டுக்குச் செவி சாய்ப்பதில் எவருக்கும் அவசரம் இருப்பதில்லை.

விமானமே சுற்றுலாவின் தலைவாயில் என்பதை அரசாங்கம் அறியாமல் இல்லை. 1967 ஆம் ஆண்டில் சுற்றுலாவும் சிவில் விமானப் போக்குவரத்தும் ஒரே அமைச்சகத்தின்கீழ் இணைக்கப்பட்டன. இவ்விணைப்பின் பொருத்தத்தை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். பத்து நாள் விடுமுறையில் மைசூரையும் ஹம்பியையும் மதுரையையும் காண வந்த ஒருவருக்கு, விமானம் ஒரு நாள் தாமதமானால் மூன்றில் ஓர் ஊர் விடுபட்டுப் போகும். அவ்வூரின் விடுதிக்காரர், வாடகைக் கார் ஓட்டுபவர், கோயில் வழிகாட்டி, கைவினைக் கடைக்காரர் அனைவரும் தாம் கண்டிராத விருந்தினரை இழக்கின்றனர். அந்த இழப்பு விமானக் கம்பெனியின் கணக்கில் ஏறுவதில்லை.

1990 பிப்ரவரி 14 அன்று பெங்களூரில் இறங்கவிருந்த இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் விழுந்து 92 பேர் மாண்டனர். அதன்பின் ஏர்பஸ் ஏ-320 விமானங்கள் யாவும் பல மாதங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. உயிர்க்காப்பை முன்னிட்ட அச்செயலைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் இடமின்றித் தவித்த பிரயாணிகளுக்கு வேறு கம்பெனியின் விமானம் கிடைப்பது அரிதாயிற்று. 1992 டிசம்பரில் விமானிகள் வேலைநிறுத்தம் செய்தனர். குளிர்காலமே சுற்றுலாவின் பருவம். அப்பருவத்தில்தான் வான்வழி முடங்கிற்று. ஒன்றையே நம்பியிருத்தலின் தீங்கை நாடு கண்கூடாகக் கண்டது.

1994 இல் பழைய சட்டம் நீக்கப்பட்டுத் தனியார்க்கு வழி திறந்தது. 2003 இல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஏர் டெக்கான், குறைந்த கட்டணத்தில் பறக்கத் தொடங்கிற்று. ரயிலையே அறிந்திருந்த குடும்பங்கள் பலவும் விமானம் ஏறின. 2005 இல் இதே நகரிலிருந்து ஆடம்பர உபசரிப்புடன் எழுந்த கிங்ஃபிஷர், கடனில் மூழ்கி 2012 இல் நின்றது. மலிவும் பகட்டும் இங்ஙனம் அடுத்தடுத்து வந்தன. ஆனால் விமானம் ரத்தாகும் நாளில் பிரயாணிக்குத் துணை நிற்பது இரண்டுமல்ல. அதற்கு எழுதப்பட்ட உரிமை வேண்டும்.

அவ்வுரிமையும் மெல்ல உருப்பெற்றது. 1986 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சேவைக் குறைபாட்டை வழக்குக்குரியதாக்கிற்று. 2010 இல் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம், தாமதம், ரத்து, இடமறுப்பு ஆகியவற்றுக்கு விதிகள் வகுத்தது. 2011 இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், மூடுபனியால் நேர்ந்த தாமதத்துக்குக் கம்பெனி பொறுப்பன்று என்றது. அதே தீர்ப்பில், கட்டணம் குறைவு என்பதைக் காரணங்காட்டி, காத்திருக்கும் பிரயாணிக்கு அடிப்படை உதவியை மறுக்கலாகாது என்றும் தெளிவுபடுத்திற்று. மலிவான பயணச் சீட்டு வாங்கியவரும் விருந்தினரே என்பதுதான் இதன் சாரம்.

ஆயினும் பழைய பாடம் மறக்கப்பட்டதோ என ஐயுற இடமுண்டு. 2024 இல் உள்நாட்டுப் பிரயாணிகள் பத்துப் பேரில் ஆறு பேர் இண்டிகோ என்னும் ஒரே நிறுவனத்தின் விமானங்களிற் சென்றனர். விமானிகளின் ஓய்வு பற்றிய புதிய விதிகளுக்கேற்பப் போதிய ஏற்பாடு செய்யாமையால், 2025 டிசம்பர்த் தொடக்கத்தில் அந்நிறுவனத்தின் ஆயிரக்கணக்கான பயணங்கள் ரத்தாயின. மற்றக் கம்பெனிகளின் கட்டணம் ஏறவே, அரசாங்கம் உச்சவரம்பு விதிக்க நேர்ந்தது. மீண்டும் அதே குளிர்காலம். மீண்டும் அதே தவிப்பு!

வெளிமாநிலங்களில் வாழும் தமிழர்க்கு இது தொலைவிலுள்ள செய்தியன்று. பொங்கலுக்கு ஊர் செல்வதும், பெற்றோரைத் தலயாத்திரை அழைத்துச் செல்வதும் நம் வாழ்வின் பகுதிகள். ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதம் நேருமாயின் மாற்று விமானமோ முழுக் கட்டணமோ கேட்கும் உரிமை உண்டு என்பதை நாம் அறிந்திருத்தல் வேண்டும். தாமதத்தின் காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெறுதலும், ஏர்சேவாவிலோ 1915 என்னும் நுகர்வோர் தொலைபேசி எண்ணிலோ முறையிடுதலும் நம் கடமை.

வள்ளுவர் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்த மரபு நம்முடையது. வருவோரை மாலையிட்டு வரவேற்றல் எளிது. ஏமாந்து நிற்பவருக்கு மறுமொழி கூறுதலே அரிது. அவ்வரிய செயலைச் செய்யும் விமானக் கம்பெனிதான் நாட்டுக்கு விருந்தினரை மீண்டும் அழைத்து வரும்.