குதிரை நிலைப் பயிற்சி

கால்களை அகட்டி, முழங்காலை மடக்கி, உடலைத் தாழ்த்தி அசையாமல் நின்றபடி, இடுப்புக்கு மேலே கைகளாலும் தோள்களாலும் குத்துதல், தள்ளுதல், எடை சுழற்றுதல் ஆகியவற்றைச் செய்யும் உடற்பயிற்சி முறை. இந்த நிலைக்குச் சீனத் தற்காப்புக் கலைகளில் ‘மா பு’ என்றும் கராத்தேயில் ‘கிபா தாச்சி’ என்றும் பெயர். தொடைத் தசை நீளம் மாறாமல் இறுகி நிற்பதால் காலுக்கு இது ஐசோமெட்ரிக் பயிற்சி. கையும் தோளும் அசைவதால் மேலுடலுக்கு அசைவுப் பயிற்சி. இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதுதான் இதன் தனித்தன்மை. கைகளைச் சும்மா வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்து நிற்பது இப்பயிற்சியின் பாதி மட்டுமே.

நிற்கும் முறை

பாதங்கள் தோள் அகலத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு விலகியிருக்கும். கிபா தாச்சியில் பாத விரல்கள் நேர் முன்னே நோக்கும். ‘ஷிகோ தாச்சி’ என்ற நெருங்கிய தொடர்புடைய வகையில் ஏறத்தாழ 45 பாகை வெளியே திரும்பும். முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும். முழங்கால் உள்ளே சரியாமல் பாத விரல்களின் திசையிலேயே இருக்க வேண்டும். வட சீனப் பள்ளிகளில் தொடை தரைக்கு இணையாகும்வரை தாழ்வது வழக்கம். தொடக்கத்தில் அவ்வளவு தாழ வேண்டியதில்லை; முழங்கால் மடங்க மடங்க முழங்கால் சில்லின் பின்புற அழுத்தம் கூடுகிறது.

தொன்மையும் வகைப்பாடும்

கால் நிலைகளைப் பெயரிட்டு வகுக்கும் வழக்கம் இந்தியாவில் மிகப் பழையது. பரதரின் நாட்டிய சாத்திரம் ஆடவருக்கு ஆறு நிலைகளைச் சொல்கிறது: வைணவம், சமபாதம், வைசாகம், மண்டலம், ஆலீடம், பிரத்தியாலீடம். இவற்றுள் வைசாகத்தில் பாதங்களுக்கு இடையே மூன்றரைத் தாலம் (பழைய நீள அளவு) இடைவெளி. தொடைகள் அசையக் கூடாது. குதிரை ஏறுவோருக்கும் உடற்பயிற்சி செய்வோருக்கும் வில் பழகுவோருக்கும் உரிய நிலையாக அந்நூல் இதைக் குறிப்பது கவனிக்கத்தக்கது. மண்டலத்தில் இடைவெளி நான்கு தாலமாக விரிகிறது. அக்கினி புராணத்தின் தனுர்வேதப் பகுதியும் ஏறத்தாழ இதே பெயர்களை வில்லாளிக்கு உரியனவாகத் தருகிறது. அங்கே மண்டலத்துக்கு அளவு நான்கு சாண்.

தமிழ் மரபில் வில்லோர் நிலை நான்கு: பைசாசம், மண்டலம், ஆலீடம், பிரத்தியாலீடம். ஒரு காலில் நின்று மறுகாலை முடக்குவது பைசாசம். இரு காலும் பக்கவாட்டில் வளைய நிற்பது மண்டலம். ஒரு கால் மடங்கி மற்றது நீண்டு நிற்பது ஆலீடம், அதையே பக்கம் மாற்றியது பிரத்தியாலீடம். இவற்றுள் குதிரை நிலைக்கு நேர் உறவு மண்டலம்தான். வில்லை இழுப்பவனின் முதுகும் தோளும் கையும் முழு வலுவோடு வேலை செய்ய, கீழே கால்கள் அசையாமல் தாங்குகின்றன. இக்கட்டுரை பேசும் பயிற்சியின் சாரம் முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. பரதநாட்டியத்தின் அரைமண்டி இதே குடும்பத்தைச் சேர்ந்தது என்றாலும், அடவுகளில் பாதம் தரையைத் தட்டிக்கொண்டே இருப்பதால் அதை முழுமையான அசையா நிலை என்று சொல்ல முடியாது. தட்டடவில் மாறாதிருப்பது உடலின் தாழ்வும் முழங்கால் மடிப்பும்தான். யோகத்தில் கைகளை உயர்த்தி முழங்காலை மடக்கி நிற்கும் உத்கடாசனத்தில் கைகளும் அசைவதில்லை. எனவே அது வேறு வகை.

சீனாவில்

சீனத்தில் இப்பயிற்சியைப் பௌத்தத் துறவி போதிதர்மர் தொடங்கினார் என்ற கருத்து தமிழர்களிடையே பரவலாக உண்டு. 2011இல் வெளிவந்த ‘ஏழாம் அறிவு’ திரைப்படத்துக்குப் பின் அது இன்னும் வலுத்தது. போதிதர்மரைத் தசைப் பயிற்சிக்கு ஆசிரியராக்கியது ‘யிச்சின் ஜிங்’ என்ற நூல். அது 1624இல் எழுதப்பட்டது. அதன் முன்னுரை தாங் காலத் தளபதி ஒருவர் எழுதியதாகச் சொல்லிக்கொண்டாலும், பிற்காலத்தார் புனைந்தது அது. ஆகவே குதிரை நிலையின் தோற்றத்தை அங்கே தேட வேண்டியதில்லை.

உறுதியான சான்றுகள் வேறு இடத்தில் இருக்கின்றன. மிங் காலத் தளபதி சீ சிகுவாங் (1528–1588), கடற்கொள்ளையரை எதிர்க்கத் திரட்டிய படைக்காக எழுதிய ‘ஜிசியாவ் சின்ஷு’ என்ற போர்ப் பயிற்சி நூலில், வெறுங்கைச் சண்டைக்கான 32 நிலைகளைப் படங்களோடு தந்தார். அவற்றுள் ‘நடு நாற்சமன்’ என்ற நிலையும் ஒன்று. தென் சீனப் பள்ளிகள் இன்றும் தம் குதிரை நிலையை ‘செய் பிங் மா’, அதாவது நாற்சமன் குதிரை என்றே அழைக்கின்றன. வெறுங்கைப் பயிற்சி போர்க்களத்தில் நேரடியாக உதவாது, ஆனால் கையையும் காலையும் பழக்கித் தரும் முதல் படி அதுவே என்பது சீயின் கருத்து.

இன்னொரு இழை உடல்நலப் பயிற்சியிலிருந்து வருகிறது. ‘பாதுவான்ஜின்’ எனப்படும் எட்டுப் பகுதிப் பயிற்சியின் பெயர் சோங் காலத்து எழுத்தாளர் ஹோங் மாயின் (1123–1202) தொகுப்பிலேயே காணப்படுகிறது. நின்று செய்யும் வகையின் இரண்டாம் பகுதியில், பயிற்சியாளர் குதிரை நிலையில் தாழ்ந்து, இடமும் வலமுமாகக் கற்பனை வில்லை இழுக்கிறார். வில்லும் அம்பும் போன பிறகும் வில்லாளியின் நிலை மட்டும் எஞ்சியிருக்கிறது. 2003இல் சீன அரசு இதற்குப் பொது வடிவம் ஒன்றை வகுத்துப் பரப்பியது.

மேலுடல் பயிற்சியை மிகக் கடுமையாக இணைத்தவர்கள் குவாங்டொங் பகுதியின் ஹுங் கார் பள்ளியினர். வோங் ஃபேய்-ஹுங்கின் (1847–1925) மாணவர் லாம் சாய்-விங் (1861–1943) நூலாக்கிய ‘புலியை அடக்கும்’ தொடரின் தொடக்கப் பகுதியில், நிலையை விட்டு எழாமலேயே முன்கைகளை மெல்லத் தள்ளி, திருப்பி, பின்னிழுக்கும் அசைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. கைகளின் எதிரெதிர்த் தசைகளை ஒருசேர இறுக்கிக்கொண்டு அசைப்பதால், எடை ஏதும் இல்லாமலேயே கைக்குப் பாரம் ஏறுகிறது. இதன் மேல் முன்கையில் இரும்பு வளையங்களை மாட்டிக்கொண்டும் பழகுவார்கள். இந்தப் பள்ளியின் ‘இரும்புக் கம்பி’த் தொடர் இதே கொள்கையின் உச்சம்.

ஒகினாவாவில்

ஒகினாவாவின் ‘நைஹாஞ்சி’ என்ற கத்தா (கராத்தேயின் வகுத்த அசைவுத் தொடர்), இப்பயிற்சியை ஒரே கோட்டில் அடக்கிவிட்டது. முன்னும் பின்னும் நகர்வில்லை. பக்கவாட்டில் ஓரடி வைத்து, நிலையில் அமர்ந்து, அங்கேயே பல கை அசைவுகள். இதோசு அன்கோவிடம் (1831–1915) பயின்ற ஃபுனாகோஷி கிசின் (1868–1957), இதன் மூன்று வகைகளைப் பழகவே பத்து ஆண்டுகள் ஆயின என்று எழுதியிருக்கிறார். பின்னாளில் அவர் இதற்குத் ‘தெக்கி’ என்று பெயர் மாற்றினார். சூறாவளி வீசும்போது வீட்டுக் கூரைமேல் ஏறி, குதிரை நிலையில் நின்று, ‘தத்தாமி’ பாயை இரு கையாலும் பிடித்துக் காற்றை எதிர்த்ததாகவும் தன்வரலாற்றில் சொல்கிறார். கால் அசையாதிருக்க, மேலுடல் மாறிக்கொண்டேயிருக்கும் விசையைத் தாங்குவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

கோஜு ரியூ பள்ளியை நிறுவிய மியாகி சோஜுன் (1888–1953) இதற்குக் கருவிகளைச் சேர்த்தார். கல்லில் மரப்பிடி செருகிய ‘சி இஷி’யை ஷிகோ தாச்சியில் நின்று ஒரு கையால் உயர்த்தி, தலைக்குப் பின்னே சுழற்றி, முன்னே நீட்டி நிறுத்துவார்கள். எடை ஒரு முனையில் மட்டும் இருப்பதால் சில கிலோ கல்லே மணிக்கட்டையும் தோளையும் கடுமையாகச் சோதிக்கும்; எடை இழுக்கும் பக்கம் உடல் சாயாமல் காப்பது தொடையும் இடுப்பும். 1934இல் ஹவாய் சென்றபோது கண்ட நீள்வட்ட இரும்புக் கருவியான ‘கொங்கோகென்’னையும் அவர் பின்னர் தம் பயிற்சியில் சேர்த்துக்கொண்டார்.

உடலியல்

தசை அசையாமல் இறுகும்போது தன்னுள் ஓடும் ரத்தக் குழாய்களைத் தானே நெருக்குகிறது. ரத்த ஓட்டம் குறைய, கழிவுகள் தங்க, எரிச்சலும் நடுக்கமும் வருகின்றன. ஒரு தசை தன் உச்ச வலுவில் எத்தனை விழுக்காட்டைச் செலவிடுகிறதோ அதைப் பொறுத்தே தாங்கும் நேரம் அமையும் என்பதை 1960இல் ஜெர்மானிய ஆய்வாளர் ரோமெர்ட் வரைபடமாகக் காட்டினார். ஆழ்ந்த குதிரை நிலையில் பழகாதவர் ஒரு நிமிடத்துக்குள் எழுந்துவிடுவதற்கும், தொடை வலுத்தவர் அதே ஆழத்தில் நெடுநேரம் நிற்பதற்கும் காரணம் இதுவே.

இறுகிய தசையிலிருந்து புறப்படும் நரம்புச் செய்திகள் ரத்த அழுத்தத்தை உயர்த்துகின்றன. லண்டனில் ஆலம், ஸ்மிர்க் என்ற ஆய்வாளர்கள் 1937இல் இதை நிறுவினார்கள். ஒரே அளவு வேலைக்குக் கால்களைவிடக் கைகள் அழுத்தத்தைக் கூடுதலாக ஏற்றும் என்பதும் தெரிந்ததே. எனவே கால் இறுகியிருக்கும்போதே கையில் எடை ஏந்தினால் இதயத்தின் மேல் இரண்டு சுமைகளும் சேர்ந்து விழுகின்றன. மூச்சை அடக்கினால் அழுத்தம் இன்னும் எகிறும். கை முன்னே செல்லும்போது மூச்சை விடச் சொல்லும் பழைய ஆசான்களின் கட்டளை உடலியலுக்கும் பொருந்துகிறது.

அசையா இறுக்கத்தால் பெறும் வலு, பழகிய மூட்டுக் கோணத்தை ஒட்டியே அதிகம் கூடும். ஒரே தாழ்வில் நின்று பழகியவருக்குத் தரையிலிருந்து எழும் வலு தானாக வராது. குந்தி எழும் பயிற்சிகளைத் தனியே செய்ய வேண்டும். 1953இல் ஜெர்மனியின் டார்ட்முண்டில் ஹெட்டிங்கர், முல்லர் என்ற ஆய்வாளர்கள், நாளுக்கு ஆறு விநாடி இறுக்கமே போதும், வாரத்துக்கு 5 விழுக்காடு வலு கூடும் என்று அறிவித்தார்கள். பிந்தைய ஆய்வுகளில் அந்த வேகம் கிட்டவில்லை. 1960களில் அமெரிக்காவில் ஐசோமெட்ரிக் மோகம் எழுந்தது. ஆனால் அங்கே பளுதூக்குவோர் கண்ட முன்னேற்றத்தில் அதே காலத்தில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஸ்டீராய்டு மாத்திரைகளுக்கும் பங்குண்டு என்பது தெரியவந்ததும் மோகம் தணிந்தது.

இன்றைய நிலை

ஜிம்களில் சுவரில் முதுகைச் சாய்த்து ‘வால் சிட்’ அமர்ந்தபடி டம்பெல்லைத் தோளுக்கு மேலே தூக்குவதும், தாழ்ந்து நின்று ரப்பர் பட்டையை மார்புக்கு இழுப்பதும் இன்று வழக்கத்தில் உள்ளன. 270 ஆய்வுகளைத் தொகுத்து 2023இல் வெளியான பகுப்பாய்வில், ஐசோமெட்ரிக் பயிற்சி ரத்த அழுத்தத்தைச் சராசரியாக 8.24/4.00 மி.மீ. குறைத்தது, ஓட்டம், சைக்கிள் போன்றவை 4.49/2.53 மட்டுமே. மேல் அழுத்தத்தைக் குறைப்பதில் சுவர் அமர்வு முதலிடம் பெற்றது. வழக்கமான முறை இரண்டு நிமிடம் வீதம் நான்கு முறை, இடையே ஓய்வு, வாரத்துக்கு மூன்று நாள். அந்த ஆய்வுகளில் சுவரோடு அமர்ந்தவர்கள் கைகளுக்கு வேலை கொடுக்கவில்லை. ஆகவே இவ்வெண்களைக் கையில் எடையோடு செய்யும் பயிற்சிக்கு அப்படியே பொருத்தக் கூடாது. ரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு, முதலில் கால் நிலையை மட்டும் மூச்சடக்காமல் பழகி, அது கைவந்த பிறகே கைக்கு வேலை கொடுக்க வேண்டும்.