முயல் மூளையும் ஒரு சொட்டு ரத்தமும்

இந்தப் பக்கம் வந்து ரெண்டு மாசம் ஆச்சு. செமஸ்டர் ஆணிகள் அதிகம், மன்னிச்சுக்குங்க. ஒரு பாடத்துக்காக ரத்தம் உறைவதை அளக்கும் கருவிகளோட வரலாற்றைப் படிக்க வேண்டி வந்தது. பேராசிரியருக்குக் கொடுக்க வேண்டிய கட்டுரையைக் கொடுத்தாச்சு. அதுல எழுத முடியாத சுவாரசியமெல்லாம் மிச்சம் கிடக்கு, அதை இங்க கொட்டறேன். கொஞ்சம் நீளம். டீயோட உட்காருங்க :-)

முதல்ல பிரச்சினை என்னன்னு சொல்லிடறேன். எழுபது வயசுக்காரர் ஒருத்தர், இதயத்துல ரத்தம் கட்டக்கூடாதுன்னு தினமும் மாத்திரை சாப்பிடறவர், குளியலறையில வழுக்கி விழறார். மண்டைக்குள்ள ரத்தம் கசிய ஆரம்பிக்குது. மண்டையோடு பலூன் இல்லை, விரியாது. கசியற ரத்தம் மூளையைத்தான் நசுக்கும். உடனே திறந்து ரத்தத்தை வெளியே எடுக்கணும். ஆனா உறையாத ரத்தத்தோட மூளையில கத்தி வைக்கிறது இன்னொரு கசிவை நாமே உண்டாக்கற மாதிரி. உறையுதா இல்லையா, எவ்வளவு மோசம்னு தெரியணும். பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினா நீல மூடிக் குழாய், அதைத் தூக்கிட்டு ஓட ஒரு ஆள், சென்ட்ரிஃப்யூஜ்ல சுத்தல், பிறகு அளவீடு. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் போயிடும். நோயாளிகிட்ட அந்த ஒரு மணி இருக்கான்னு யாருக்கும் தெரியாது.

மூளை அறுவையோட கதையே பாதி ரத்தத்தை நிறுத்தற கதைதான். 1892ல் லண்டன்ல விக்டர் ஹார்ஸ்லி எலும்புல கசியற ரத்தத்தை அடைக்க தேன்மெழுகைப் பூசினார். 1911ல் ஹார்வி குஷிங் சின்னச் சின்ன வெள்ளிக் கிளிப்புகளால ரத்தக் குழாய்களைக் கவ்வினார். சில நேரம் நோயாளியோட தசையிலிருந்தே ஒரு துண்டு வெட்டி, கசியற இடத்துல ஒட்ட வைப்பாங்க. 1926 அக்டோபர் 1 அன்னிக்கு பாஸ்டன்ல குஷிங், போவி என்பவர் செய்த மின்கத்தியை வெச்சு ஒரு கட்டியை எடுத்தார். சில நாள் முன்னாடி ரத்தம் நிக்காததால பாதியில மூடின அதே நோயாளி! இது எல்லாமே கை வேலை. உள்ளே ஓடற ரத்தம் தன்பாட்டுக்கு உறையும்ங்கிற நம்பிக்கை மேல நடக்கிற வேலை. உறையலைன்னா கிளிப்பும் மெழுகும் எவ்வளவு தாங்கும்?

உறைதலை அளக்க அப்போ இருந்தது 1913ல் லீயும் ஒயிட்டும் சொன்ன முறை. கண்ணாடிக் குழாய்ல ரத்தத்தை எடுத்து, அப்பப்போ சாய்ச்சுப் பார்த்து, எப்போ ஓடாம நிக்குதுன்னு கடிகாரத்தைப் பார்க்கறது. படுக்கைப் பக்கத்துப் பரிசோதனைன்னா இதுதான் அசல் :-) சிரிக்காதீங்க. நம்ம ஊர் ஆஸ்பத்திரிகள்ல பாம்புக்கடின்னு வந்தா இதோட தம்பியான இருபது நிமிஷக் குழாய்ப் பரிசோதனை இன்னிக்கும் உயிரைக் காப்பாத்துது.

1935ல் அமெரிக்காவுல ஆர்மண்ட் குயிக் ஒரு வழி கண்டுபிடிச்சார். முயலோட மூளையைக் காய வெச்சுப் பொடியாக்கி, அந்தச் சாறையும் கால்சியத்தையும் பிளாஸ்மாவுல விடணும். நல்ல ரத்தம்னா பன்னிரண்டு விநாடி வாக்குல உறைஞ்சுடும். ஏன் மூளை? உறைதலைத் தூண்டற திசுக் காரணி மூளையில ஏராளமா இருக்கு. (குஷிங் ஒட்டின தசைத்துண்டு வேலை செஞ்சதுக்கும் இதே பொருள்தான் காரணம்.) இதுல ஒரு கொடுமை இருக்கு. தலையில பலமா அடிபட்டா அதே பொருள் ரத்தத்துல கலக்குது. கண்ட இடத்துல உறைதலைக் கிளப்பி, இருக்கிற உறைபொருளையெல்லாம் செலவழிச்சுடுது. கடைசியில தேவையான இடத்துல உறைய எதுவும் மிஞ்சாது. மாத்திரையே சாப்பிடாதவருக்கும் ரத்தம் நிக்காமப் போறது இப்படித்தான்.

மாத்திரைக்கு வருவோம். 1933 பிப்ரவரியில, பனிப்புயலுக்கு நடுவுல, விஸ்கான்சின் விவசாயி ஒருத்தர் செத்துப்போன ஒரு மாடு, கெட்டுப்போன தீவனம், உறையாத ரத்தம் நிறைஞ்ச ஒரு பால் கேன், இதையெல்லாம் வண்டியில ஏத்திக்கிட்டு சுமார் 300 கிலோமீட்டர் ஓட்டி மாடிசன் வந்தார். கார்ல் பால் லிங்க்கோட ஆய்வகக் கதவு அன்னிக்குத் திறந்திருந்தது. பூஞ்சை பிடிச்ச தீவனத்திலிருந்து அந்தப் பொருளைப் பிரிச்செடுக்க ஆறு வருஷம் ஆச்சு. 1948ல் அதோட உறவுக்காரப் பொருள் வார்ஃபரின் எலி மருந்தா கடைக்கு வந்தது. 1954ல் மனுஷங்களுக்கும் அனுமதி. 1955ல் மாரடைப்பு வந்த அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவரும் சாப்பிட்டார்.

எங்க அம்மாச்சிக்கு வால்வு மாத்தியிருக்கு. திருச்சியில இருக்காங்க. அதே குடும்பத்து மாத்திரை, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம். மாசா மாசம் ரத்தம் கொடுத்துட்டு வந்து போன்ல 'ரெண்டு புள்ளி ஆறு தம்பி'ம்பாங்க, ஏதோ பரீட்சை மார்க் மாதிரி. அந்த எண்ணோட வரலாறு தெரிஞ்ச பிறகுதான் அதோட அருமை புரிஞ்சுது.

ஒவ்வொரு ஊரும் தன் சொந்த மூளைச் சாறை வெச்சு அளந்துக்கிட்டு இருந்துச்சு. இங்கிலாந்துல மான்செஸ்டர்காரங்க மனித மூளையிலிருந்து எடுத்தாங்க. அமெரிக்காவுல முயல் சாறு, அதுக்கு உணர்திறன் கம்மி. அதனால ஒரே ரத்தம் ரெண்டு ஊர்ல ரெண்டு எண் காட்டும். ஏட்டுல ஒரே இலக்கை வெச்சுக்கிட்டு அமெரிக்க மருத்துவர்கள் அதிக மாத்திரை கொடுத்தாங்க, அங்க நோயாளிகளுக்கு ரத்தப்போக்கும் அதிகமா இருந்தது. 1983ல் உலக சுகாதார நிறுவனம் எல்லாச் சாறுகளையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டு வந்தது. அதுதான் ஐஎன்ஆர். சாதாரண ஆளுக்கு 1 வாக்குல. அம்மாச்சி மாதிரி ஆட்களுக்கு 2.5, 3 அளவுல வெச்சிருப்பாங்க. அவசரமா மண்டையைத் திறக்கணும்னா 1.5க்குக் கீழே, முடிஞ்சா இன்னும் கீழே வரணும். இந்த ஒப்பந்தம் மட்டும் இல்லேன்னா இன்னிக்கு எந்தக் கையடக்கக் கருவிக்கும் அர்த்தமே இருந்திருக்காது.

நான் படிக்கிற ஊருக்கு வர்றேன். 1948ல், அமெரிக்கப் படைகளோட ஆதிக்கத்துல இருந்த ஹைடல்பெர்க்ல ஹெல்முட் ஹார்ட்டெர்ட்னு ஒரு மருத்துவர் வேற மாதிரி யோசிச்சார். எத்தனை விநாடின்னு மட்டும் ஏன் கேக்கணும், உறைஞ்ச கட்டி எவ்வளவு உறுதின்னும் கேக்கலாமே? ஒரு சின்னக் கிண்ணத்துல ரத்தம். அது இடமும் வலமும் 4.75 டிகிரி மெதுவா ஆடும். மேலே முறுக்குக் கம்பியில தொங்கற ஊசி ரத்தத்துக்குள்ள நிக்கும். ரத்தம் கட்டக் கட்ட ஊசியையும் கூடவே இழுக்கும். கம்பியில ஒட்டின கண்ணாடி ஒளியைத் திருப்பி ஃபிலிம்ல கோடு போடும். ஒத்தைக் கோடு ரெண்டாப் பிரிஞ்சு விரியும். கட்டி கரைஞ்சுட்டா வெண்டைக்காய் மாதிரி திரும்பக் கூம்பிடும். எவ்வளவு அழகான யோசனை! ஆனா பக்கத்துல யாராவது நடந்தாலே ஊசி ஆடிடும்ங்கிறதால ரொம்ப நாள் ஓரமாவே கிடந்தது. 1980கள்ல பிட்ஸ்பர்க்ல கல்லீரல் மாற்று அறுவைக்காரங்கதான் அதைத் தூசி தட்டி எடுத்தாங்க. 1990கள்ல ஜெர்மனியில கிண்ணத்தை நிறுத்தி வெச்சு ஊசியைச் சுத்த விட்டு ஒரு வடிவம் வந்தது. அது அதிர்வைத் தாங்கும். அறுவை அறைக்குள்ளேயே வைக்கலாம், பத்து நிமிஷத்துல உருப்படியான பதில் கிடைக்கும்.

ஐஎன்ஆர் பக்கமும் சும்மா இல்லை. இங்கிருந்து ரயில்ல கொஞ்ச நேரத்துல போற மான்ஹைம்ல போரிங்கர் கம்பெனி (பிறகு ரோஷ் வாங்கிடுச்சு) கோஆகுசெக்னு ஒரு கையடக்கக் கருவி கொண்டு வந்தது. விரல் நுனியில ஒரு சொட்டு, ஒரு பட்டை, ஒரு நிமிஷம். ஆரம்பத்துல பட்டைக்குள்ள இரும்புத்துகள் காந்தத்துல ஆடிக்கிட்டே இருக்கும், ஆட்டம் நின்னா ரத்தம் உறைஞ்சாச்சு. பின்னாடி வந்ததுல மின்வேதியியல். முயல் மூளையும் போய், ஆய்வகத்துல தயாரிச்ச புரதம் வந்தாச்சு. வீட்டுல தாங்களே பார்த்துக்கற நோயாளிகளுக்காக வந்த பொருள் இது. ஹைடல்பெர்க் நரம்பியல்காரங்க இதைப் பக்கவாத நோயாளிகளோட படுக்கைக்குக் கொண்டு போய், நேரம் மிச்சமாகுதுன்னு 2009ல் எழுதினாங்க. அப்புறம் அவசர மூளை அறுவைக்காரங்களும் கையில எடுத்தாங்க. எண் ரொம்ப அதிகமாப் போனா கருவியை அவ்வளவா நம்ப முடியாது, ரத்தசோகை கடுமையா இருந்தாலும் தப்பும். அதனால பரிசோதனைக்கூடத்துக்கும் ஒரு குழாய் போகத்தான் போகுது. ஆனா மாற்று மருந்தை அது வரைக்கும் காத்திருக்காம ஆரம்பிக்கலாம்.

அந்த மாற்று மருந்து விஷயத்துலதான் எனக்கு ஒரு கணக்கு ஆணி அடிச்ச மாதிரி மனசுல நின்னுடுச்சு. 2016ல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வு. மாத்திரையால மூளையில ரத்தக்கசிவு வந்தவங்க ஐம்பது பேர். 23 பேருக்கு உறைய வெச்ச பிளாஸ்மா, 27 பேருக்கு உறைபொருள் செறிவு மருந்து. மூணு மணி நேரத்துல ஐஎன்ஆர் 1.2க்கு வந்தது பிளாஸ்மாவுல 2 பேருக்கு, செறிவு மருந்துல 18 பேருக்கு. ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திட்டாங்க. பிளாஸ்மாவை உருக்கணும், லிட்டர் கணக்குல ஏத்தணும். செறிவு மருந்து ஊசியிலேயே போயிடும். ஆனா விலை! நம்ம ஊர்ல ஒரு சாதாரணக் குடும்பம் அதை ராத்திரி ரெண்டு மணிக்கு எங்க போய் வாங்கும்னு யோசிச்சா தூக்கம் வரலை.

கருவி எல்லாத்தையும் மாத்திடுச்சுன்னும் சொல்ல மாட்டேன். விபத்துல ரத்தம் கொட்டற 396 பேரை வெச்சு ஐரோப்பாவுல நடந்த ஒரு ஆய்வுல, ஹார்ட்டெர்ட் வழிக் கருவியைப் பார்த்துச் சிகிச்சை தந்தாலும் வழக்கமான பரிசோதனையைப் பார்த்துத் தந்தாலும் மொத்தத்துல பெரிய வித்தியாசம் இல்லை.

இதுக்கு நடுவுல கதை தடம் புரண்டுடுச்சு. 2010லிருந்து டாபிகாட்ரான், ரிவரோக்சபான், அபிக்சபான்னு புது மாத்திரைகள். மாசா மாசம் ரத்தம் கொடுக்க வேண்டாம், கீரையை ஒதுக்க வேண்டாம்னு எல்லோரும் மாறறாங்க (வால்வு மாத்தினவங்களைத் தவிர, அம்மாச்சிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை). ஆனா இந்த மாத்திரைகளை ஐஎன்ஆர் பிடிக்காது. கருவி 1.1னு சமர்த்தாக் காட்டும், உள்ளே ரத்தம் தண்ணி மாதிரி ஓடும். ஐம்பது வருஷமா முட்டி மோதி ஒரு எண்ணைக் கண்டுபிடிச்சா, கேள்வியையே மாத்திட்டாங்க.

இப்போ அதுக்கும் ஜெர்மனியில ஒரு குச்சி வந்திருக்கு. சர்க்கரைக்குப் பார்க்கிற மாதிரி சிறுநீர்ல தோய்ச்சுட்டு பத்து நிமிஷம் கழிச்சு நிறத்தைப் பார்க்கணும். எவ்வளவு மருந்துன்னு சொல்லாது, இருக்கா இல்லையான்னு மட்டும்தான் சொல்லும். மயங்கிக் கிடக்கிறவருக்கு எப்படியும் சிறுநீர்க் குழாய் போட்டிருப்பாங்க, அதனால தனியா யாரும் மெனக்கெட வேண்டியதில்லை.

கண்ணாடிவிரியன் விஷத்தை வெச்சு 1934ல் மேக்ஃபார்லேன் ரத்தத்தை நிறுத்தின கதை தனிப்பதிவு. பரீட்சை முடியட்டும்.