நல்லூரும் பருவகால நடைகளும்

ஒரு நகரத்தின் வரலாற்றை அதன் அரண்மனைகளையும் கோட்டைகளையும் கொண்டு எழுதுவதே வழக்கம். அந்நகரத்து மக்கள் ஆண்டின் எந்தப் பருவத்தில், எந்தத் திசையை நோக்கி, எதன்பொருட்டு வீட்டைவிட்டு நடந்தனர் என்பது பெரும்பாலும் வரலாற்றில் இடம்பெறுவதில்லை. யப்பானியத் தலைநகராக விளங்கிய கியோத்தோ இவ்வகையில் பேறுபெற்ற நகரமாகும். வசந்தத்தில் செரிமலர் காணவும், இலையுதிர் காலத்தில் மேப்பிள் மரங்களின் செந்நிறம் காணவும் அந்நகரத்தார் மலையடிவாரங்களுக்குச் சென்ற வழக்கம் ஓவியத்திலும் நூலிலும் பதிவாகியுள்ளது. 1598 ஆம் ஆண்டில் ஹிதெயோஷி தைகோ ஆலயத்தில் நடத்திய மலர்காண் விழா அந்நாட்டு வரலாற்று நூல்களில் தனியிடம் பெற்றது. 1780 இல் அந்நகரின் காணத்தக்க இடங்களைப் படங்களுடன் விளக்கும் நூல் வெளிவந்து பெரிதும் விற்பனையாயிற்று.

நல்லூருக்கு அத்தகைய வழிகாட்டி நூல் எதுவும் எழுதப்படவில்லை. எனினும், எந்த நாளில் எங்கே செல்ல வேண்டுமென்பதை அவ்வூரார் நன்கறிந்திருந்தனர். கொக்குவிலில் கணிக்கப்பட்டு வெளிவரும் இரகுநாதையர் வாக்கிய பஞ்சாங்கம் யாழ்ப்பாணத்து வீட்டு இறப்பிலே செருகப்பட்டிருந்த காலத்தில், அதுவே அம்மக்களின் பயண நூலாகவும் இருந்தது எனலாம்.

பருவங்கண்டு ஊர்விட்டுச் செல்லுதல் தமிழர்க்குப் புதியதன்று. வையையில் புதுப்புனல் வந்தபோது மதுரை மாந்தர் திரண்டு சென்ற செய்தியையும், அவர்கள் திருப்பரங்குன்றத்தை நோக்கி வழிநிறைய நடந்த செய்தியையும் பரிபாடல் கூறுகின்றது. புகார் நகரத்தார் இந்திர விழாவின் இறுதியில் கடலாடச் சென்றமை சிலப்பதிகாரத்தில் ஒரு காதைக்கே பெயராயிற்று. ஆற்றங்கரைத் தமிழர் ஆற்றை நோக்கிச் சென்றனர். கடற்கரைத் தமிழர் கடலை நோக்கிச் சென்றனர். ஆறே இல்லாத ஒரு நாட்டில் இவ்வழக்கம் எவ்வுருவம் கொண்டது என்பதே நல்லூர்பற்றி எழும் வினா.

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின்மேல் அமைந்த தட்டையான நிலம். மாரியில் மட்டும் நீரோடும் வழுக்கியாற்றைத் தவிர ஆறென்று சொல்லத்தக்கது அங்கில்லை. மழைநீர் கல்லின் வெடிப்புகளினூடே கீழிறங்கி, கிணறுகளிலும் நிலாவரை போன்ற ஆழ்நீர் நிலைகளிலும் வெளிப்படுகின்றது. எஞ்சியது கரையோரத்தில் ஊற்றாகக் கடலிற் கலக்கின்றது. மலையில்லை, காடில்லை, அருவியில்லை. எனவே காட்சியின்பங் கருதி நடப்பதற்குரிய நிலமாக அது தோன்றாது. ஆயினும் நடந்தார்கள். நன்னீரும் கடலும் சந்திக்கும் இடங்களை நோக்கியே நடந்தார்கள். யாழ்ப்பாணத்துப் பருவகால நடைகளை விளக்கும் திறவுகோல் இதுவே.

நல்லூர் இந்நடைகளின் தொடக்க இடமாகவும் சேரிடமாகவும் விளங்கியமைக்குக் காரணம் அதன் அரச வரலாறு. ஆரியச் சக்கரவர்த்திகளின் தலைநகராயிருந்த இவ்வூரின் நாற்றிசையிலும் நான்கு காவற் கோயில்கள் அமைந்தன என்பது மரபு. கிழக்கே வெயிலுகந்த பிள்ளையாரும், மேற்கே வீரமாகாளியம்மனும், தெற்கே கைலாயநாதரும், வடக்கே சட்டநாதரும் எழுந்தருளினர் என்று மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலை கூறுகின்றது. யமுனை நீர் கொணர்ந்து கலக்கப்பட்டதென்று கர்ணபரம்பரை கூறும் யமுனா ஏரி இன்றுமுண்டு. தலைநகரத்திலேயே புனித நீர் இருக்க வேண்டுமென அரசர் விரும்பினர்போலும். 1619 இல் நாட்டைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் 1621 இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தனர். ஒல்லாந்தர் ஆட்சியில், 1734 ஆம் ஆண்டளவில், இரகுநாத மாப்பாண முதலியார் குருக்கள் வளவு என்னும் இடத்திலே இப்போதுள்ள கோயிலைத் தோற்றுவித்தார். அரசு அழிந்தது, அரசின் வீதிகள் எஞ்சின. அவ்வீதிகளில் அரசனுக்குப் பதிலாகக் கந்தன் உலா வந்தான்.

நடைப்பருவம் என்று சிறப்பாகக் கூறத்தக்கது ஆடி அமாவாசை முதல் புரட்டாதிப் பூரணை வரையுள்ள காலமாகும். சோளகக் காற்றுப் புழுதியை வாரி வீசும் வறள்பருவம் அது. தோட்டத்திலே புகையிலை வெட்டி முடிந்திருக்கும். வயலிலே பெருவிதைப்புக்கு இன்னும் நாளிருக்கும். பனம்பழம் கனிந்து விழும். நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் குழந்தைகளுக்காகப் பாடிய ஆடிப்பிறப்புக் கூழும் கொழுக்கட்டையும் இப்பருவத்தின் வாயிலிலே வருவன. கைக்கு வேலை குறைந்து, கிணற்று நீர் கீழிறங்கி, வெயில் மேலேறிய வேளையிற்றான் மக்கள் தீர்த்தங்களை நோக்கிப் புறப்பட்டனர்.

இப்பருவத்து விழாக்கள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டுள்ள முறை கவனிக்கத்தக்கது. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் பெருவிழா ஆடி அமாவாசையன்று கீரிமலையில் தீர்த்தமாடுவதுடன் நிறைவெய்தும். அதிலிருந்து ஆறாம் நாள் நல்லூரிலே கொடியேறும். இருபத்தைந்து நாள் விழா நடந்து, ஆவணி அமாவாசையில் நல்லூர்த் தீர்த்தம் நிகழும். அதே அமாவாசையில் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் கொடியேறி, ஆவணிப் பூரணையில் தீர்த்தம் நிகழும். அடுத்த பூரணை, புரட்டாதியில், வல்லிபுர ஆழ்வாரின் கடற்றீர்த்தம். வடக்கு வலிகாமத்து ஊற்றில் தொடங்கி வடமராட்சிக் கிழக்குக் கடலில் முடியும் இவ்வரிசையை யாரோ ஒருவர் திட்டமிட்டு வகுத்தார் என்பதற்குச் சான்றில்லை. ஒவ்வொரு கோயிலும் தன் மரபின்படி நாள் கொண்டது. ஆனால் நடப்பவனுக்கு அது ஒரே பருவமாகவே தோன்றியது. ஒரு விழாவிலே களைத்த கால் அடுத்த விழாவுக்கு ஆறிவிடும்.

இவ்வரிசையிற் கீரிமலை நடை துயரமும் மகிழ்ச்சியும் கலந்தது. ஆடி அமாவாசை தந்தையை இழந்தோர் விரதங்காக்கும் நாள். தாயை இழந்தோர்க்குச் சித்திராப் பூரணை. நல்லூரிலிருந்து கொக்குவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை வழியாகப் பத்து மைலுக்கு மேற்பட்ட தூரம். நிலவில்லாத இரவாதலால் சூள் கொளுத்தியும் வண்டிகளின் அரிக்கன் விளக்கொளியிலும் விடியுமுன்னரே புறப்படுவர். கடலலை மோதும் கரையிலே, மதிலால் மட்டும் பிரிக்கப்பட்ட கேணியில் நன்னீர் ஊறுவதை முதன்முறை காணும் சிறுவனுக்கு அது அதிசயமே. நகுல முனிவரின் கீரி முகம் நீங்கியதும், மாருதப்புரவீகவல்லியின் குதிரை முகம் மாறியதும் இந்நீராலென்று தலபுராணம் கூறும். தந்தைக்குப் பிண்டமிட்டவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் அதே நீரிலே குதித்து நீந்தினர். விரதமும் விளையாட்டும் ஒன்றையொன்று இழிவுபடுத்தவில்லை.

வல்லிபுர நடை வேறுவகையானது. கோப்பாய், நீர்வேலி, புத்தூர் கடந்து, நிழல்தரும் மரமொன்றுமில்லாத வல்லைவெளியைத் தாண்டி, நெல்லியடி வழியாக இருபது மைலளவு செல்ல வேண்டும். வல்லைவெளியைப் பகலிற் கடப்பது கடினமாதலால் இரவிலே கடந்தனர். வளர்பிறைக் காலம் அதற்கு உதவிற்று. வல்லை முனியப்பருக்குக் கற்பூரம் கொளுத்தாமல் அவ்வெளியைக் கடக்க அஞ்சியோர் பலர். கோயிலை அடைந்தவர்கள் மணற்பரப்பிலே படுத்துறங்கினர். யாழ்ப்பாணத்து வீடுகள் கிடுகு வேலியால் அடைக்கப்பட்ட வளவுகளுக்குள்ளே ஒடுங்கியவை. அவ்வேலிக்குப் பின்னாலேயே ஆண்டின் பெரும்பகுதியைக் கழித்த பெண்கள் நிலவொளியில் திறந்த மணலிலே உறவினருடன் அமர்ந்திருக்க ஊர் இசைந்தது இத்தகைய இரவுகளிலேதான். பக்தி இவ்விசைவுக்கு உரிய பெயராயிற்று. அதனால் பக்தி பொய்யென்று ஆகாது.

நடப்போருக்காக வழி சமைத்தோர் வரலாறும் இதனுடன் இணைந்ததே. மடம், கேணி, சுமைதாங்கி, ஆவுரஞ்சிக்கல் ஆகிய நான்கும் யாழ்ப்பாணத்துப் பழைய வீதிகளின் உறுப்புகள். தலைச்சுமையை மற்றவர் துணையின்றி இறக்கவும் ஏற்றவும் உதவும் சுமைதாங்கியைக் கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அமைத்தல் வழக்கம்; இறக்கப்படாத சுமையோடு போனவளுக்காகப் பிறர் சுமையை இறக்க ஒரு கல். வண்டிமாடு உடம்பை உரஞ்சிக்கொள்ளவும் ஒரு கல் நாட்டிய மக்கள் அவர்கள். பருத்தித்துறையில் வீதியின் குறுக்கே கூரை வேய்ந்தாற்போல நிற்கும் தெருமூடி மடம், வழிச்செல்வோர் நிழலிலே நடக்க வேண்டுமென்று நினைத்தவர்களின் கட்டடம். விழாக்காலத்திலே தண்ணீர்ப் பந்தல்களில் மோரும் சர்க்கரைத் தண்ணீரும் வழங்கப்பட்டன.

ஆனால் இந்த நீர் எல்லோருக்கும் ஒருபடியாக வழங்கப்படவில்லை என்பதை மறைத்தல் வரலாறாகாது. தாழ்த்தப்பட்டோர் எனப்பட்டவர்கள் அதே வீதியில், அதே வெயிலில், அதே முருகனை நினைந்து நடந்தனர். கிணற்றிலே அவர்கள் அள்ளக்கூடாது. பிறர் வார்க்கப் பட்டையில் ஏந்திக் குடிக்க வேண்டும். பத்து மைல் நடந்தவர் கோயில் வீதியோடு நின்றுவிட வேண்டும். நல்லூர்க் கோயில் 1956 இல் அவர்களுக்குத் திறந்தது. 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் நிறைவேறியது. அதன் பின்னரும் மாவிட்டபுரத்தில் 1968 ஆம் ஆண்டு ஆலயப் பிரவேசத்துக்காகச் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்தது. வாயிலிலே அமர்ந்தவர்கள் தாக்கப்பட்டனர். அறத்தின் பெயரால் அமைந்த மடங்களையும் கேணிகளையும் புகழ்ந்தெழுதுவோர் இதனை ஓர் அடிக்குறிப்பாகவேனும் எழுதுவதில்லை. செல்வச்சந்நிதி இவ்வகையில் வேறுபட்டு நின்றது. அங்கே கரையார் மரபினரான பூசகர் வாயைத் துணியாற் கட்டிப் பூசை செய்வர்; ஆலிலையில் அமுது படைக்கப்படும்; வந்தவர் யாரென்று கேளாமல் அன்னம் வழங்கப்படும். அன்னதானக் கந்தன் என்னும் பெயர் அதனாற் பெற்றது. நடந்து வந்தவனின் பசியை மட்டும் நோக்கிய இக்கோயிலுக்கு அக்காலத்தே பெருங்கூட்டம் திரண்டமையில் வியப்பில்லை.

ஊர்திகள் வந்தபோது நடையின் இயல்பு மாறிற்று. வடபகுதிப் புகையிரதப் பாதையின் குடாநாட்டுப் பகுதி 1902 இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே முதலில் திறக்கப்பட்டது. கொழும்புடன் இணைப்பு 1905 இல் முழுமையுற்றது. ஆடி அமாவாசையில் நடந்த வழியே இப்போது வண்டி ஓடிற்று. மாவிட்டபுரத்துக்கும் ஒரு தரிப்பிடம் இருந்தது. பின்னர் தட்டிவான் வந்தது. கூரையிலும் பக்கத்தட்டிலும் ஆளேற்றிக்கொண்டு அது சந்நிதிக்கும் வல்லிபுரத்துக்கும் ஓடியது. நேர்த்திக்கடன் உடையோர் மட்டும் நடந்தனர். முன்னர் எல்லோரும் நடந்ததனால் நடை நேர்த்தியாகக் கருதப்படவில்லை. ஊர்தியில் செல்ல வாய்ப்பிருந்தும் நடப்பதே தவமாயிற்று. இது நுண்ணிய மாற்றமெனினும் பெரிய மாற்றம்.

இதனினும் கொடிய மாற்றத்தைப் போர் கொணர்ந்தது. 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். அவ்வாண்டே புகையிரதமும் நின்றது. கீரிமலையும் மாவிட்டபுரமும் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கின. தந்தைக்கு ஆடி அமாவாசையிற் கீரிமலையில் நீர் வார்த்த தலைமுறை, தன் பிள்ளைகளுக்கு அவ்விடத்தைக் காட்ட முடியாமற் போயிற்று. 1995 ஒற்றோபர் இறுதியில் வலிகாமம் முழுவதுமே தென்மராட்சியை நோக்கி நடந்தது. குடாநாட்டு வரலாற்றிலே மிகப் பெருந்திரளான நடை அதுவே. பஞ்சாங்கத்தில் அதற்கு நாள் குறிக்கப்பட்டிருக்கவில்லை. மழையிலே, இரவிலே, செம்மணி வெளியூடாகவும் நாவற்குழிப் பாலத்தினூடாகவும் சென்றவர்களின் தலைச்சுமையை இறக்கச் சுமைதாங்கிகள் போதியனவாயிருக்கவில்லை.

2009 இல் போர் முடிந்தபின் வழிகள் படிப்படியாகத் திறந்தன. 2014 இல் யாழ்ப்பாணத்துக்கும் 2015 இல் காங்கேசன்துறைக்கும் புகையிரதம் மீண்டது. வெளிநாடுகளிற் குடியேறியோர் நல்லூர்த் திருவிழாவை நோக்கி ஆவணியில் வரலாயினர். இவர்களுட் சிலர் சிறுவயதில் கண்ட கீரிமலையைத் தேடி முதலில் வடக்கே சென்று, பின்னரே நல்லூர் வீதியில் அங்கப்பிரதட்சணை செய்தனர். தேரடியிலே செல்லப்பா சுவாமிகள் அமர்ந்திருந்த இடமும், அவரைத் தேடி வந்த யோகர் சுவாமிகளின் நினைவும் அவர்களை ஈர்த்தன. கச்சான் கடலைக் கடைகள் முன்போலவே வரிசையாயின.

வல்லிபுரத்திலோ ஊர்திகள் எத்துணை பெருகினாலும் கோயிலிலிருந்து கடல்வரையுள்ள மணலை நடந்தே கடக்க வேண்டும். புரட்டாதிப் பூரணையன்று பிற்பகலில் ஆழ்வார் தோளிலேறிக் கடலை நோக்கிச் செல்ல, பல்லாயிரவர் கால் புதையப் புதைய அவரைத் தொடர்வர். மாலையில் கடலாடி மீள்வோர், வீடு சென்றதும் விதைநெல்லை எடுத்து வெயிலிற் காயப்போடுவர். அடுத்த சில வாரங்களில் வாடை திரும்பி மழை தொடங்கும்.