தற்கொலை எண்ணம் ரத்தத்தில் தெரியுமா?

வேடசந்தூர்ல இருந்து ஒரு நேயர் கேட்டிருக்கார்: "தற்கொலை எண்ணம் இருக்கான்னு ரத்தப் பரிசோதனையிலேயே கண்டுபிடிக்கலாமாமே, தம்பிக்கு எடுத்துப் பார்க்கட்டுமா?"

பதிலை முதல்லயே சொல்லிடறேன். அதுக்காக டெஸ்ட் வேண்டாம் அண்ணா. தம்பிகிட்ட நேரடியா கேளுங்க. கேட்டா அந்த எண்ணத்தை நாமளே தூண்டிவிட்டுடுவோமோன்னு பயம் இருக்கும். கேட்பதால் அது அதிகமாவதில்லைன்னு ஆய்வுகள் காட்டியிருக்கு. "ஆமா"ன்னு சொன்னா தனியா விடாதீங்க. 14416, அரசோட டெலிமானஸ் எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம்.

இப்போ வரலாறு. ஏன்னா நீங்க கேள்விப்பட்டது முழுப் பொய்யும் இல்லை.

காய்ச்சல் சீசன்ல நம்ம திண்டுக்கல் லேப்கள்ல எடுக்கிறாங்களே சி.ஆர்.பி., அது 1930ல் நியூயார்க் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் டில்லெட், ஃபிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டது. உடம்பில் எங்கேயாவது அழற்சி இருந்தா ஏறும், குணமானா இறங்கும். மனசைப் பற்றி அன்று யாரும் யோசிக்கவில்லை.

யோசிக்க வைத்தது ஒரு மருந்து. ஹெபடைடிஸ் சி-க்கும் சில புற்றுநோய்களுக்கும் இன்டர்ஃபெரான் ஆல்ஃபா ஊசி போட்டார்கள். நோய் எதிர்ப்பு மண்டலத்தை முடுக்கிவிடும் மருந்து அது. அதுவரை நன்றாக இருந்த பலர் கடும் மனச்சோர்வில் விழுந்தார்கள், சிலருக்குத் தற்கொலை எண்ணமே வந்தது. 2001ல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகக் குழு, மெலனோமா நோயாளிகள் 40 பேரில் பாதிப் பேருக்கு முன்கூட்டியே மனச்சோர்வு மாத்திரை கொடுத்தது. அவர்களில் 11 சதவீதம் பேருக்குத்தான் மனச்சோர்வு வந்தது; வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 45 சதவீதம். சின்ன ஆய்வுதான், ஆனா எனக்கு இந்தக் கதையிலேயே பலமான சாட்சி இதுதான்: அழற்சியை ஏற்றினால் மனசும் சரிகிறது.

அப்புறம் 2009ல் ஸ்வீடன். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களின் தண்டுவட நீரில் இன்டர்லூக்கின்-6 என்ற அழற்சிப் புரதம் மற்றவர்களைவிட அதிகமா இருந்தது.

அப்போ அழற்சியைக் குறைச்சா சரியாகிடுமா? எமரி குழு 2013ல் வெளியிட்ட ஆய்வில் மருந்துக்கு அடங்காத மனச்சோர்வுள்ள 60 பேருக்கு இன்ஃப்ளிக்சிமாப் கொடுத்துப் பார்த்தாங்க. மொத்தமா பார்த்தா பலன் இல்லை. சி.ஆர்.பி. 5 மில்லிகிராமுக்கு மேல இருந்தவங்களுக்கு மட்டும் பலன் இருக்கிற மாதிரி தெரிஞ்சது.

இதெல்லாம் கூட்டத்தின் சராசரி. பல் சீழ் பிடிச்சாலும் சி.ஆர்.பி. ஏறும், உடல் பருமன், சிகரெட், எல்லாத்துக்கும் ஏறும். எங்க வேலையில சொல்லணும்னா, எதுக்கெடுத்தாலும் அடிக்கிற அலாரம். அதைவிட ஆபத்து, ரிப்போர்ட் நார்மல்னு வந்ததும் வீட்டில் எல்லாரும் நிம்மதியாகிடுவாங்க.

நம்ம மாநிலத்தில் இந்தப் பிரச்சினையின் அளவைக் காட்டியதும் ரத்தம் இல்லை. வேலூர் சி.எம்.சி. குழு, கணியம்பாடி ஒன்றியத்தில் 1992 முதல் 2001 வரை நடந்த மரணங்களை வீட்டில் விசாரித்தே கணக்கெடுத்தது. 10 முதல் 19 வயதுப் பெண்களில் ஆண்டுக்கு லட்சத்துக்கு 148 பேர், ஆண்களில் 58 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். காரணங்களில் குடும்பத் தகராறும் இருந்தது, படிப்பில் தோல்வியும் இருந்தது. 2004ல் 'லான்செட்' இதழ் அதை வெளியிட்டது.